“அந்த டீம் பொண்ணுங்க ஒரு மாதிரி” என்று யாராவது சொன்னால்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி போகும் தங்கச்சிகளுக்கும் அவர்கள் வீட்டுக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எங்கள் பக்கத்து மைதானங்களில் வெளியூர் கார்கள் வந்து நிற்கும். மன்னார்குடி, வடுவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று கபடியும் வாலிபாலும் ஆடுகிற ஊர்களுக்கெல்லாம் கல்லூரிகளிலிருந்து டீமுக்கு ஆள் எடுக்க வருவார்கள். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம், ஷூவும் டிராக் சூட்டும் நாங்களே தருகிறோம் என்பார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்று அப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் ‘ஃபுல் ஃப்ரீ’ என்கிற வார்த்தை ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

ஒரே பெண்ணை இரண்டு கல்லூரி கேட்கும்போதுதான் இந்தப் பேச்சு வரும். மைதானத்தில் வராது. வீட்டுத் திண்ணையில், அம்மாவிடம், குரலைத் தாழ்த்தி வரும். “அங்கல்லாம் அனுப்பாதீங்கம்மா. அந்த ஹாஸ்டல் பொண்ணுங்க ஒரு மாதிரி. கோச்சே ஒரு மாதிரிதான், நாப்பது வயசாவுது, இன்னும் கல்யாணம் ஆவல. எங்க டீம்ல எல்லாம் குடும்பப் பாங்கான பொண்ணுங்க.” இவ்வளவுதான். லெஸ்பியன் என்ற சொல்லைக்கூட அவர் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம், அது எங்கள் வீட்டுத் திண்ணை. நான் அப்போது கபடியில் லெஃப்ட் கார்னர் ஆடிக்கொண்டிருந்தேன், காலையும் மாலையும் பயிற்சி, தலை காய நேரமில்லாமல் முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தேன். அம்மா பார்த்தது என் முடியைத்தான்.

நான் போக ஆசைப்பட்ட கல்லூரிக்குப் போகவில்லை. திண்ணையில் பேசியவருடைய கல்லூரியில் சேர்ந்தேன், அங்கே மேட் கிடையாது, மூன்று வருடமும் மண் தரையில் ஆடினேன். இப்போது பள்ளியில் பி.டி. டீச்சர். வருடா வருடம் என் பிள்ளைகள் யாராவது ஒருத்தியின் வீட்டில் அதே பேச்சு வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான். “நான் அந்த மாதிரி இல்லை” என்று நிரூபிக்கப் போகாதே. நீ யாராக இருந்தாலும் சரி, போகாதே. நிரூபிக்க ஆரம்பித்தால் முடியை வளர்க்க வேண்டும், தோழி தோள்மேல் கை போடக் கூடாது, ஒரு பையனோடு எடுத்த ஃபோட்டோ காட்ட வேண்டும், கடைசியில் உன் ஆட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் அவர்கள் கையில் கொடுத்துவிடுவாய். அதோடு, நீ “இல்லை” என்று பதறும்போது பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளை, உண்மையிலேயே பெண்களை நேசிக்கிற ஒரு பிள்ளை, தன் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொள்கிறாள். நான் யார் என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லப் போவதில்லை. அது தெரியாமலேயே நான் சொல்வது சரியா தவறா என்று நீங்கள் முடிவு செய்ய முடியும்.

இது புதிதல்ல, நம்மூர் கண்டுபிடிப்பும் அல்ல

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, நெகட்டிவ் ரெக்ரூட்டிங். பெண்கள் பேஸ்கட்பால், சாஃப்ட்பால் டீம்களுக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளர்கள், போட்டிக் கல்லூரியில் லெஸ்பியன்கள் இருப்பதாகப் பெற்றோர் காதில் போடுவார்கள், தங்கள் டீமைப் பற்றி ‘குடும்பச் சூழல்’ என்பார்கள். நம்ம திண்ணையில் கேட்ட அதே வார்த்தை.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ரெனே போர்ட்லேண்ட் என்ற பயிற்சியாளர் 1980-லிருந்து 27 சீசன் பெண்கள் பேஸ்கட்பால் டீமை நடத்தினார். தன் டீமில் தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்கு இடமில்லை என்று 1986-லேயே பத்திரிகைக்கு வெளிப்படையாகச் சொன்னவர். 2005-ல் ஜெனிஃபர் ஹாரிஸ் என்ற வீராங்கனை டீமிலிருந்து நீக்கப்பட்டார், தன்னை லெஸ்பியன் என்று நினைத்து ஒதுக்கினார்கள் என்று வழக்குப் போட்டார். பயிற்சியாளர் மறுத்தார். பல்கலைக்கழகமே விசாரித்து, ஹாரிஸுக்கு மிரட்டலான, அவமதிப்பான சூழலை அவர் உண்டாக்கினார் என்று 2006-ல் சொல்லி 10,000 டாலர் அபராதம் விதித்தது. 2007-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, அடுத்த மாதமே போர்ட்லேண்ட் பதவி விலகினார். இதில் கவனிக்க வேண்டியது, ஹாரிஸ் தான் லெஸ்பியன் இல்லை என்று சொன்னவர். அவர் என்னவாக இருந்தார் என்பதால் அடி விழவில்லை, என்னவாக இருப்பார் என்று நினைத்தார்களோ அதனால் விழுந்தது.

இன்னொன்று, கலிபோர்னியாவில் பெப்பர்டைன் பல்கலைக்கழகம். இரண்டு பேஸ்கட்பால் வீராங்கனைகள் காதலிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத் தொல்லை கொடுத்ததாக வழக்கு. படிப்பில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் அவர்களுடைய 1972-ம் வருடச் சட்டம் இதற்கும் பொருந்தும் என்று 2015-ல் நீதிபதி சொன்னார், அது பெரிய விஷயம். ஆனால் 2017-ல் ஜூரி பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் நடந்ததைக் காட்டக் கையில் ஏதாவது வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ட்ரையல்ஸுக்கு முன்னால்

சர்டிபிகேட்டை எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போடு. மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று எது ஆடியிருந்தாலும், முதலமைச்சர் கோப்பையாக இருந்தாலும் சரி, எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரிஜினலைக் காட்டு, சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கு. “இங்கே வைத்துவிட்டுப் போம்மா, சீட் கன்ஃபர்ம்” என்பார்கள். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2016-லும் மறுபடி 2018-லும் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இதை ஏன் இந்த விஷயத்தில் சொல்கிறேன் என்றால், ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருக்கும்போது எவ்வளவு அசிங்கமாகப் பேசினாலும் உன்னால் எழுந்து வர முடியாது.

இன்ஸ்டாகிராமைப் பூட்டிவிடு. பயந்து அல்ல, அது உன் வீட்டு வாசல், யார் உள்ளே வரலாம் என்பது உன் முடிவு. அப்புறம், தனியாகப் போகாதே. அம்மா வர முடியாவிட்டால் பி.டி. டீச்சர், சீனியர் அக்கா, யாராவது ஒருவர். கேட்ட வார்த்தைக்கு இன்னொரு காது இருப்பது பின்னால் பெரிய உதவி.

ட்ரையல்ஸில் கேட்பார்கள்

நேராகக் கேட்க மாட்டார்கள். “ஏம்மா முடியை இப்படி வெட்டியிருக்கே, வீட்ல ஒண்ணும் சொல்லலையா?” “பாய் ஃப்ரெண்ட் யாரும் உண்டா?” “அந்தப் பொண்ணும் நீயும் எப்பவும் ஒண்ணாவே சுத்துறீங்களாமே?” “ஹாஸ்டல்ல யார்கூட ரூம் வேணும்?” சிரித்துக்கொண்டே கேட்பார்கள், பதில் சொல்லாவிட்டால் திமிர் என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் இதற்கென்றே பயிற்சி கொடுக்கிறேன், ரெய்டுக்குப் போவது மாதிரிதான், கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும், உள்ளே நிற்கக் கூடாது.

முடியைக் கேட்டால், “ஆட வசதியா இருக்கு மேடம்” போதும். மற்ற எதைக் கேட்டாலும், “அது வீட்டு விஷயம் சார். டீம்ல இப்ப எந்த இடம் காலியா இருக்கு?” என்று கேள்வியைத் திருப்பிவிடு. மரியாதையாகச் சொல், ஆனால் சொன்ன பிறகு விளக்கம் கொடுக்காதே. பொய்யும் சொல்ல வேண்டாம். “பாய் ஃப்ரெண்ட் இருக்கான் சார்” என்று தப்பிக்கப் பார்த்த ஒரு பிள்ளைக்கு, அந்தப் பொய்யையே சாக்காக வைத்து அடுத்த வருடம் வேறு வழியில் தொல்லை வந்தது.

நீ கேட்க வேண்டியவையும் இருக்கின்றன, ஆட்டக்காரிக்குக் கேட்க உரிமை உண்டு. போன வருடம் பல்கலைக்கழக இன்டர் காலேஜில் எத்தனை மேட்ச் ஆடினீர்கள், மேட் இருக்கிறதா, அடிபட்டால் ஸ்கேனுக்கு யார் பணம், அடிபட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் ஃப்ரீ தொடருமா, செமஸ்டர் பரீட்சையும் மேட்சும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வீர்கள். ஃப்ரீ என்று சொல்வதைக் கல்லூரி லெட்டர் ஹெட்டில், கையெழுத்தோடு எழுதித் தரச் சொல். எழுதித் தர மறுக்கிறவர்தான் மற்ற கல்லூரியின் ஒழுக்கத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார் என்பது நான் பார்த்த வரைக்கும் மாறவே இல்லை.

அம்மாக்களே, அப்பாக்களே

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. வயசுப் பெண்ணை வெளியூரில் விடுகிறீர்கள், யாரோ ஒருவர் அக்கறையாகப் பேசுவது மாதிரி இருக்கிறது. ஆனால் அவருக்கு உங்கள் பெண் வேண்டும், அதற்காகத்தான் பேசுகிறார் என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஒரு பயிற்சியாளர் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பது அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதைக் காட்டாது. நேரில் போய்ப் பாருங்கள். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். ஹாஸ்டல் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வார்டன் ராத்திரி அங்கேயே தங்குகிறாரா, மைதானத்திலிருந்து ஹாஸ்டலுக்கு வருகிற வழியில் லைட் எரிகிறதா, ஆண் பயிற்சியாளர் என்றால் வெளியூர் மேட்சுக்குக் கூடவே ஒரு பெண் மேனேஜர் வருவாரா. பெண்ணுக்கு ஆபத்து வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வரும். மூன்றாம் வருடம் படிக்கிற ஆட்டக்காரிகளிடம் தனியாகப் பேசுங்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். ஒருவேளை உங்கள் பெண்ணே பெண்களை விரும்புகிறவளாக இருந்தால், கபடி அவளை அப்படி ஆக்கவில்லை, ஹாஸ்டல் ஆக்கவில்லை, ரூம் தோழி ஆக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தினாலும் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தாலும் அது மாறாது, அவளிடம் இருந்த ஒரே பிடிமானம்தான் போகும். டாக்டரிடம் கூட்டிப்போய் ‘சரிசெய்ய’ நினைக்காதீர்கள். அப்படிச் செய்ய முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்யச் சொன்னது. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் முழுப் புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு பிறகு உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியே கற்றுக்கொள்ள உட்கார்ந்தார் என்றால் நாமும் உட்காரலாம்.

ஓட்டக்காரி டூட்டி சந்த் பெயர் தெரிந்திருக்கும், ஒடிசாவின் நெசவுக் குடும்பத்துப் பெண். தன் ஊர்ப் பெண் ஒருவரோடு உறவில் இருப்பதாக 2019 மே மாதம் வெளிப்படையாகச் சொன்னார், வீட்டிலேயே எதிர்ப்பு. அதே ஜூலையில் இத்தாலியின் நேப்பிள்ஸில், உலகப் பல்கலைக்கழக மாணவர் போட்டியில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். கல்லூரி டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த 11.32-ஐ நினைத்துப் பார்க்கட்டும்.

நம் பக்கத்து மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜனையும் மறக்க முடியாது. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியிலிருந்து போய் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர், பால் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அது உடலைப் பற்றியது, யாரை நேசிக்கிறோம் என்பது வேறு, முடி வெட்டு வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பித்தான் ஊர் வாய் பேசுகிறது. வீட்டுக்குள் நாமாவது குழப்பாமல் இருப்போம்.

சேர்ந்த பிறகு தொல்லை வந்தால்

ஒரு நோட்டு போடு. தேதி, நேரம், இடம், யார், என்ன வார்த்தை, யார் பக்கத்தில் இருந்தார்கள். வார்த்தையை அப்படியே எழுது, ‘அசிங்கமாகப் பேசினார்’ என்று எழுதாதே. வாட்ஸ்அப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வை, ஃபோனைப் பிடுங்கினாலும் அது இருக்கும். டீம் லிஸ்டிலிருந்து உன் பெயரை எடுத்தால், எந்தத் தேதியில், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் எழுது.

தொல்லை கொடுப்பது சீனியர்கள் என்றால் அது ராகிங். யுஜிசி ராகிங் விதிகளில் 2016-ல் செய்த திருத்தத்தில், ஒருவருடைய பாலீர்ப்பை, அதாவது யாரை நேசிக்கிறார் என்பதை, காரணமாக வைத்துத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங் என்று தெளிவாகவே இருக்கிறது. தோற்றத்தைக் காரணமாக வைப்பதும் அதே வரியில் வருகிறது, முடி வெட்டுக்கும் சேர்த்துத்தான். 1800-180-5522, இருபத்துநாலு மணி நேரமும் கூப்பிடலாம்.

கோச்சோ மேனேஜரோ பாலியல் சாயலில் பேசினால், கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடு. நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். உன் பெயரை வெளியே விடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இந்த விஷயத்தில் நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. யுஜிசியின் 2015-ம் வருட விதிகளில், அட்மிஷன் நடைமுறையில் இருக்கிற, இன்னும் சேராத பெண்ணையும் அந்தக் கல்லூரி மாணவியாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது ட்ரையல்ஸுக்கு வந்த இடத்தில் நடந்ததற்கும் புகார் கொடுக்கலாம். வேறு கல்லூரிக்கு மேட்ச் ஆடப் போன இடத்தில் நடந்தாலும் அந்தக் கல்லூரிக் குழுவிடம் போகலாம். விளையாட்டுப் போட்டி நடக்கும் இடமும் கல்லூரி வளாகத்தில் சேர்த்திதான், கல்லூரி ஏற்பாடு செய்த வேனும்தான்.

செலக்‌ஷனில் உன்னைவிடக் குறைவாக ஆடியவர்களை எடுத்துவிட்டு உன்னை விட்டார்கள் என்று தோன்றினால், அரசுக் கல்லூரிக்கோ அரசு உதவி பெறும் கல்லூரிக்கோ 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எத்தனை இடம், எந்த அளவுகோல், யாருக்கு எத்தனை மார்க், செலக்‌ஷன் குழுவில் யார் யார். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் பாலீர்ப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டிய அவசியமில்லை, மார்க்கை மட்டும் கேள், மார்க் பேசட்டும்.

பதினெட்டு ஆகவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. வீட்டில் அடைத்துவைத்தால், அடித்தால், வலுக்கட்டாயமாகக் கல்யாணம் என்றால் பெண்கள் உதவி எண் 181. பதினெட்டு முடிந்த, ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு பேர் விரும்பி வாழ்வது குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. பெற்றோர் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணைத் தன் துணையோடு போக விட்டு, குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் வருவதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மே மாதம் சொன்னது.

நீ உண்மையிலேயே பெண்ணை நேசிக்கிறவள் என்றால், உனக்கென்று ஒரு வரி. யாரிடம், எப்போது சொல்வது என்பது உன் முடிவு மட்டும்தான். சீட் கொடுத்த நன்றியில் கோச்சிடம் சொல்லிவிடாதே, அழுகையில் ரூமில் எல்லோரிடமும் சொல்லிவிடாதே. தன் ரகசியத்தையும் உன்னிடம் ஒப்படைத்திருக்கிற ஒருத்தி, சொன்னதை இன்னொரு வாய்க்குக் கொண்டுபோகாத ஒருத்தி, அவளிடம் முதலில் சொல். தோழி உன்னிடம் சொன்னால் நீயும் அப்படியே இரு.

பி.டி. டீச்சர்களுக்கு

நம் மைதானத்துக்கு ஆள் எடுக்க வருகிறவரிடம் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடலாம், உங்கள் கல்லூரியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், மற்ற கல்லூரியைப் பற்றி வேண்டாம் என்று. நான் மூன்று வருடமாகச் சொல்கிறேன். ஒருவர் கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான் நடந்தது. பெற்றோரைத் தனியாகப் பார்க்கப் போகிறேன் என்றால் நானும் கூட வருகிறேன் சார் என்று நாமும் வண்டியை எடுக்க வேண்டும்.

போன மே மாதம் அப்படி ஒரு திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். வந்தவர் “அந்த ஹாஸ்டல்...” என்று ஆரம்பித்தார். பிள்ளையின் அம்மா, நடவு வேலைக்குப் போகிறவர், என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, “அது கெடக்கட்டும் சார், எம் பொண்ணுக்குக் கால் ஒடிஞ்சா யாரு செலவு பண்ணுவா, அதை எழுதிக் குடுங்க” என்றார். வந்தவர் எழுதித் தரவில்லை. அந்தப் பிள்ளை இப்போது அந்த இன்னொரு கல்லூரியில், மேட் போட்ட தரையில், ரைட் கார்னர் ஆடுகிறாள்.